அப்பனை உரித்து வைத்தவன்

அவள் மகனின் வாயருகே குனிந்து முகர்ந்தாள்.

காலையில் தின்ற பழைய சோற்றின் புளிப்பு. வேறொன்றும் இல்லை.

இன்னொரு முறை முகர்ந்தாள். பூச்சிமருந்து வாடை வாயில் இல்லை. சட்டையில் இருந்தது. தலைமுடியில் இருந்தது. முதுகோடு ஒட்டிக் கிடந்த பனியனில் இருந்தது.

திராட்சைப் பந்தலுக்கு வெளியே வரப்பில் கிடத்தியிருந்தார்கள். வீரமணியின் வாயோரம் நுரை ஒழுகியது. உடம்பெல்லாம் வேர்வை. கண்ணின் பாவை கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

தங்கச்சி ஜெயசுதா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். துப்பட்டாவால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னத்தக் குடிச்சான் இவன்?" தோட்டத்து மேஸ்திரி கேட்டார்.

"ஒண்ணும் குடிக்கலண்ணே. எங்க கூடத்தான் மருந்தடிச்சான்," என்றான் ஒச்சப்பன்.

ஒச்சப்பன் நன்றாகத்தான் நின்றான். பந்தலைப் பார்த்து அண்ணாந்து அடிக்கிற மருந்து, அடிக்கிறவன் மேலேயேதான் சொட்டும். அவனும் தொப்பலாக நனைந்திருந்தான். கூட அடித்த மற்றவர்களும் நனைந்திருந்தார்கள். ஒருவன் பீடி பற்றவைத்தான்.

விழுந்தது வீரமணி மட்டும்.



அன்றைக்கும் இப்படித்தான். இதே நுரை. இதே கடுகுக் கண். எல்லோரும் மருந்தடித்தார்கள், அவள் புருஷன் மட்டும் விழுந்து செத்தான். அடித்ததால் என்றால் எல்லோருக்கும்தானே ஆக வேண்டும், இவன் மருந்தைக் குடித்திருக்கிறான் என்றது ஊர். அன்று காலையில் அவள் அவனோடு சண்டை போட்டிருந்தாள். அதனால் அவளும் நம்பினாள்.

யாரும் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

அவள் புருஷனும் குடிக்கவில்லை.

இத்தனை வருஷம் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அவளை அறுத்தது அந்த நொடியில் நின்றது. அது இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்பார்கள் வீரமணியை. நடை, சுருட்டை முடி, தும்மல்கூட. கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்காது. ரத்தத்துக்குள்ளும் உரித்து வைத்திருக்கும் என்று யார் கண்டார்கள்? மற்றவன் உடம்பு முறித்துப் போடுகிற மருந்தை இந்த ரத்தம் முறிக்காது என்று யார் சொன்னார்கள்?

"உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்துங்கப்பா. வாந்தி எடுக்கட்டும்," என்றார் மேஸ்திரி.

யாரோ நீட்டிய சொம்பை அவள் தட்டிவிட்டாள்.

"அவன் குடிக்கலய்யா. அவங்கப்பனும் குடிக்கல."

சட்டையைக் கிழித்தாள். பனியனைக் கிழித்தாள். வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளி அவன் மார்பிலும் முதுகிலும் ஊற்றினாள். அவசரத்தில் பாதி மண்ணில் போனது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த லோடு ஆட்டோ ரோட்டில் திரும்புகிற சத்தம் கேட்டது. வீரமணிக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆனாலும் வந்தது.

ஜெயசுதா அழுதாள். அவனைத் துடைத்த துப்பட்டாவாலேயே தன் கண்ணையும் வாயையும் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர் அள்ளிய தாயின் கை அப்படியே நின்றது.

மகளையும் ஊர் அப்படித்தான் சொல்லும். மூக்கு மட்டும்தான் அம்மா, மற்றதெல்லாம் அப்பன்.

"இங்க திரும்புடி," என்றாள். "கண்ணக் காட்டு."