கழற்றி வைத்த வயர்

மேசைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான் கணவன். முட்டியெல்லாம் தூசு, முகமெல்லாம் பெருமை.

“நெட் வயரே கழண்டு கெடக்கு. மாட்டிட்டேன். இத்தனை வருஷமா இதுல என்னத்தத் தட்டிட்டிருந்தே?”

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள் அவள்.

வயர் கழன்று விழவில்லை. அவள்தான் கழற்றி வைத்திருந்தாள்.

ஆபீஸ் மெயில், பள்ளிக்கூட மெயில் எல்லாம் அவளுக்குப் போனில்தான். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரும் அதிலிருந்த பழைய மெயில் புரோகிராமும் ஒரே ஒரு காரியத்துக்கு.

மாடியில் இருக்கும் நாத்தனாரைத் திட்ட.

வாரத்துக்கு ஒன்றாவது எழுதுவாள். மனதில் ஒன்றும் பாக்கி வைக்கமாட்டாள். ‘அனுப்பு’ பொத்தானில் ஓங்கி ஒரு தட்டு. நெட் இல்லாததால் மெயில் அவுட்பாக்ஸில் போய்க் குந்திக்கொள்ளும். அவளுக்கு அனுப்பிவிட்ட திருப்தி. வீட்டில் சண்டையும் இல்லை.

புதுப் புரோகிராம் எதுவும் நெட் இல்லாமல் கண்ணையே திறக்காது. அதனால்தான் மாற்றலாம் என்று அவன் வரும்போதெல்லாம், கைக்குப் பழகினதே போதும் என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

“நீயும் சரி, எங்கக்காவும் சரி. ஒரே நாள்ல வாங்கின டப்பாங்க, ரெண்டு பேரும் தொடவிட மாட்டேங்கறீங்க. அட, இங்க பாரேன், என்னமோ மெயிலெல்லாம் தேங்கி நின்னுருக்கு. மளமளன்னு போவுது!”

மாடியில் போன் ‘டிங்’ என்றது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

டிங்.

அவனைத் தள்ளிவிட்டு மேசைக்கடியில் பாய்ந்தாள். தலை இடித்தது.

டிங். டிங். டிங்.

வயரைப் பிடுங்கியபோது மேலே சத்தம் அடங்கியிருந்தது. அவுட்பாக்ஸ் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி காலி.

மேசைக்கடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ‘உங்க சிரிப்பு துருப்பிடிச்ச கேட்டு மாதிரி இருக்கு’ என்று எழுதியது ஞாபகம் வந்தது. ‘என் கல்யாணத்துக்கு வந்த ஒரே கெட்ட சகுனம் நீங்கதான்’ என்று எழுதியதும். ஒரே வாசல், ஒரே மாடிப்படி. காலையில் எழுந்தால் முதலில் பார்க்கும் முகம் அது.

அத்தனையையும் படித்து முடிக்கிற நேரம் ஆனது.

பிறகு மாடியில் நாற்காலி நகர்ந்தது. படியில் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக.

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். கண்ணாடி மூக்கு நுனியில். கையில் போன். மேசைக்கடியில் இருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மன்னிச்சிருங்க அண்ணி...” என்று ஆரம்பித்தாள் இவள்.

நாத்தனார் கை காட்டி நிறுத்தினாள்.

“டேய், மேல வந்து என் கம்ப்யூட்டருக்கும் அந்த வயர மாட்டிக் குடு. கழட்டி வெச்சு ரொம்ப நாளாச்சு, எந்த ஓட்டைன்னே மறந்துபோச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். துருப்பிடித்த கேட்டேதான்.

அக்காவும் ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

அவள் மேசைக்கடியிலிருந்து வந்து அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.