கண்ணுக்குள் ஓடிய மெஷின்

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் கொம்பையாவின் மூடிய இடது கண்ணில் வைத்ததும், பக்கத்தில் நின்ற அவர் மனைவி தங்கமாரி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"மூச்ச இழுத்து விடணுமா?" என்று கேட்டார் கொம்பையா. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஒரு மாதமாகவே அந்தக் கண் செக்கச்செவேலென்று சிவந்து பிதுங்கி நின்றது. மெட்ராஸ் ஐ என்று தங்கமாரி தீர்ப்புச் சொல்லி, நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டிப் பார்த்தாள்.

காதுக்குள் 'உஸ்... உஸ்...' என்று கேட்டதை மட்டும் கொம்பையா யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். அது மெஷின் சத்தம் என்றே நினைத்திருந்தார்.

ஆயுதபூஜைக்கு மெஷினை நிறுத்தி, பொட்டு வைத்து, மாலையும் போட்டார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டினார்.

"நிக்கிற மெஷினுக்கு என்ன ரிப்பேர் பாக்க, அண்ணாச்சி?" என்று அவன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்தான்.

டாக்டரம்மா காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"உங்க நாடித்துடிப்போட சேந்து கண்ணுக்குள்ள சத்தம் கேக்குது. உள்ள ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கும்போல. இன்னைக்கே மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுக்கணும். தள்ளிப்போட்டா பார்வை போயிரும். தலையில அடி பட்டுச்சா?"

"இல்ல."

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லவே இல்ல."

"நல்லா யோசிங்க," என்றாள் தங்கமாரி. "பைக்குல கிய்க்குல..."

கொம்பையாவுக்கு வேர்த்தது.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாள். தங்கமாரியை அவள் தாய்வீடான கடம்பூருக்குத் தன் கையாலேயே பஸ் ஏற்றிவிட்டு, ஆபீஸ் வேலையாக எட்டயபுரம் போனார். அங்கே அவள் அண்ணன் வீட்டில் அன்று காதுகுத்து. பத்திரிகையில் தன் பெயரை விட்டுவிட்ட வீட்டு வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்பது கொம்பையாவின் உத்தரவு.

பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு குடை பிடித்து நின்றாள். பின்னல் கொள்ளாத மல்லிகை. நாலு விநாடிதான் திரும்பிப் பார்த்தார். பைக் நேரே பார்த்துப் போய் மைல்கல்லில் முட்டியது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்தது.

யாரும் பேர் ஊர் கேட்பதற்குள் எழுந்து ஓடிவந்துவிட்டார். புடைப்பைத் தலைமுடி மறைத்துக்கொண்டது.

"மறைக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. "காரணம் எழுதித்தான் மதுரைக்கு அனுப்பணும். கண்ணு வேணுமா, வேண்டாமா?"

கொம்பையா நிஜமாகவே கணக்குப் போட்டார். ஒரு கண் போனால் இன்னொன்று இருக்கிறது. தங்கமாரியின் வாய்க்கு மாற்று ஏது?

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஜில்லென்றிருந்தது.

"சொல்லித் தொலைங்க. ஒத்தக் கண்ண வச்சு என்னைய எப்படி முறைப்பீய?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "எட்டயபுரம் பஸ் ஸ்டாப்புல, ஒரு நீலச் சேலையத் திரும்பிப் பாத்தேன். விழுந்துட்டேன்."

அறை அமைதியானது. கொம்பையாவுக்கு மட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "எந்தப் பக்கம் அடி?"

கொம்பையா தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"எடது பக்கம், டாக்டர். மைல்கல்லுல," என்றாள் தங்கமாரி, தரையைப் பார்த்தபடி. "பெறகு, அது நீலமில்ல. மயில்கழுத்துக் கலரு."