மூன்றாவது வரி

"புத்தியிருக்கிற மனுஷன் செய்யற வேலையாங்க இது?" என்று அவள் ஆரம்பித்தாள்.

சாப்பாட்டு மேஜையில் டேப்லெட் கிடந்தது. திரையில் கம்பெனிச் சின்னம் வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. காலையிலிருந்து இதே கூத்து. ஏதோ ஓடிக்கொண்டிருந்ததில் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுகிறேன் பேர்வழி என்று கணவர் இறங்கியதன் பலன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாவது மாடியில் சிக்கிய லிஃப்டையெல்லாம் இறக்கியவருக்கு இந்தக் கையகலச் சாமான் தண்ணி காட்டியது.

"கடையில குடுத்துடலாமா?"

"கடைக்காரன் எடுத்த எடுப்புல எல்லாத்தையும் அழிச்சுடுவான். உள்ள குழந்தை படம் இருக்கு."

பேத்தியின் படங்கள். மகன் அம்மாவுக்கென்று அனுப்பியவை. அவர் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்தவை. பேத்தியை நேரில் பார்த்து இரண்டு வருடமாகிறது. யாரையும் கேட்காமல் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற மகனிடம், "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்று அவர் கத்திய அன்று கடைசியாகப் பார்த்தது. மகன் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

அவனுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் அத்துப்படி.

"அவனைக் கேட்கட்டுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேளு. ஆனா நான் பேச மாட்டேன். ஸ்பீக்கர்லயும் போடாதே."

அவள் தன் பழைய பட்டன் போனை எடுத்தாள். மறுமுனையில் மகனும் லேசுப்பட்டவன் இல்லை. "நான் சொல்றேன்மா. ஆனா அவர்கிட்ட போனைக் குடுத்துடாதே."

போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"பழசை பேக்கப் எடுத்து வெச்சாராம்மா?"

"பேக்கப் எடுத்தீங்களான்னு கேட்கறான்."

"கயிறைப் பார்க்காம லிஃப்ட்ல ஏறுற ஆளா நான்? மெமரி கார்டுல இருக்குன்னு சொல்லு."

"அப்ப காப்பாத்திடலாம்மா. பவர் பட்டனையும், சத்தம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து அமுக்கச் சொல்லு. பத்து எண்ணணும்."

"பவர் பட்டனையும், சத்தம் கூட்டற பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பத்து எண்ணணுமாங்க."

அமுக்கினார். பத்து எண்ணினார். அதே சின்னம்தான் வந்தது.

"குறைக்கிறதும்மா! குறைக்கிறது!"

"குறைக்கிறதாம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்ல ஆளைப் பிடிச்சேன் தூதுக்கு," என்று பல்லைக் கடித்தபடி மறுபடி அமுக்கினார். இந்த முறை கறுப்புத் திரையில் ஐந்து வரிகள் வந்தன. மூன்றாவது வரியில் நீலப் பட்டை நின்றது.

மகன் நிதானமாகச் சொன்னான். "நாலாவது வரிம்மா. பேக்கப்பை மீட்கறது அதுதான். மூணாவதை மட்டும் தொடவே கூடாது. கார்டு உட்பட எல்லாத்தையும் துடைச்சுடும். ஒரு படம் மிஞ்சாது. சரியா சொல்லு."

அவள் குனிந்து அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவதாம்," என்றாள். "யோசிக்காம அமுக்கச் சொல்றான்."

"ஐயோ! அமுக்காதீங்க! அப்பா! அப்பா!"

ஸ்பீக்கர் இல்லாமலே அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் விரல் அந்தரத்தில் நின்றது. கண் மட்டும் கலங்கிவிட்டது.

அவள் போனை நீட்டினாள். "பேசுங்க."

அவர் வாங்கினார். "சொல்லுடா."

"நாலாவதுப்பா."

"நாலாவது," என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ஒரு வரி இறக்கி அமுக்கினார். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக ஊரத் தொடங்கியது.

"இருபது நிமிஷம் ஆகும்ப்பா. அதுவரைக்கும் சார்ஜரைப் பிடுங்கிடாதீங்க."

"ம்."

வேலை முடிந்துவிட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"எதுக்குப்பா இப்பப் போய் வேற சிஸ்டம்?"

"சும்மா..." என்றவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழசுல இனிமே வீடியோ கால் வராதுன்னுடுச்சுடா. நீங்கள்லாம் உங்கம்மாகிட்ட பேசறப்போ, நான் கேமராவுல விழாத இடமா தள்ளி உட்கார்ந்து குழந்தையைப் பார்ப்பேன். ஒரு மாசமா அதுவும் இல்ல. தாங்கலடா."



"ஞாயித்துக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டு வர்றேன்ப்பா. டேப்லெட்டை நானே சரி பண்ணித் தர்றேன். நீங்க கை வைக்காதீங்க."

"காலையிலயே வந்துடு." அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல நேரத்துல கத்தினேடா. உங்கம்மாவை நம்பியிருந்தா அத்தனையும் போயிருக்கும்."

மகனும் சிரித்தான். போனை வைத்த பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒரு சேதியை ஒழுங்கா சொல்லத் தெரியுதா உனக்கு?"

"எனக்கென்னங்க தெரியும் இதெல்லாம்?" என்றபடி அவள் துணியை எடுத்துக்கொண்டு ஷோகேஸைத் துடைக்கப் போனாள்.

துடைக்க அவள் கையில் எடுத்ததைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் ஓய்வு பெற்ற அன்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த கேடயம் அது: 'முப்பத்தொரு வருடப் பணியில் ஒரு அழைப்பைக்கூடத் தவறாக இணைக்காத ஆபரேட்டருக்கு.'