கால் பட்டால்

மறுபடியும் ட்ரெவர் விழுந்தான். பந்து அவன் கையிலேயே இருந்தது.

பார்வையாளர் படிவரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ட்ரெவரின் அம்மா பலகையை இறுகப் பிடித்துக்கொண்டதை அமுதனின் அம்மா கவனித்தாள்.

டெக்சாஸில் ஒரு பள்ளி மைதானம். சனிக்கிழமைப் பகல். பந்தை எறிய வேண்டியவன் ட்ரெவர். அவன் எறியும்வரை எதிரணி நெருங்கித் தள்ளிவிடாமல் மறித்து நிற்க, முன்னால் ஐந்து தடியன்கள். இடது ஓரத்துத் தடியன் அவள் பெற்ற அமுதன்.

ட்ரெவர் ஏன் இப்படி விழுந்துகொண்டே இருக்கிறான்? எறியத் தயங்குகிறான் என்றார் ஒருவர். ஓட்டம் போதாது என்றார் இன்னொருவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

பயிற்சியாளர் அமுதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரமும் இப்படியே போனால் அடுத்த வாரம் நீ பெஞ்சில் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு இந்த ஆட்டம் பிடிபட்டதே இல்லை. பெயர் ஃபுட்பால். பந்து என்னவோ கையில்தான் இருக்கிறது. காலுக்கு இதில் வேலையே கிடையாது என்று நினைத்திருந்தாள்.

இந்த முறை பந்தை விட்டுவிட்டு மகனை மட்டும் பார்த்தாள்.

மோதினான். சுவர் மாதிரி மறித்தான். எதிராளியின் காலை மிதித்துவிட்டான்.

உடனே அந்தப் பையனின் கையைத் தொட்டான். விரல்களைத் தன் தலைக்கவசக் கம்பியில் ஒற்றிக்கொண்டான்.

அதற்குள் எதிராளி தாண்டிப் போயிருந்தான்.

ட்ரெவர் விழுந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள் என்று சொல்லி வளர்த்தது அவள்தான். சொன்னதில் பாதி அவன் காதில் ஏறியதில்லை. இது ஏறியிருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது. ட்ரெவரின் அம்மாவைத் திரும்பிப் பார்க்கத்தான் முகமில்லை.

இடைவேளையில் வேலியருகே போய் நின்றாள். அமுதன் வியர்வையோடு வந்தான்.

"கால் பட்டா நீ தொட்டுக்க வேணாம்டா."

"அது தானா வருதும்மா."

"இன்னிக்கு உனக்கும் சேத்து நான் ஒத்திக்கறேன். நீ ட்ரெவரைப் பாரு."

அவன் சற்று யோசித்தான். பிறகு தலையாட்டினான்.

பிற்பாதியில் அமுதன் அசையவில்லை. மிதித்தான். இடறினான். முழங்காலால் இடித்தான். கை மட்டும் மறித்த இடத்திலேயே இருந்தது.

ட்ரெவர் நின்று நிதானமாக எறிந்தான்.

மேலே அவளுக்கு ஓய்வில்லை. அங்கே ஒரு கால் பட்டால் இங்கே விரல்கள் பலகையைத் தொட்டுக் கண்ணுக்குப் போயின. பந்து எந்தப் பக்கம் போகிறதென்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்த ட்ரெவரின் அம்மா தற்செயலாகத் திரும்பினாள். கண்ணைக் கண்ணை ஒற்றிக்கொள்கிறவளைப் பார்த்தாள்.

கைதட்டலை நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, தன் கைக்குட்டையை நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

அமுதன் அப்போதுதான் இன்னொருவனை மிதித்திருந்தான்.