மேல்வாசல் கூடு

கிட்டே வந்து உட்காருங்கள். மைனாக்கள் காதில் விழாமல் சொல்ல வேண்டிய கதை இது.

கிணற்றின்மேல் சாய்ந்த ஈச்சமரத்தில் ஆண் தூக்கணாங்குருவி ஒன்று பாதிக் கூடு பின்னிவிட்டுப் பெண்ணைக் கூப்பிட்டது. பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதியைப் பின்னுவது அவர்கள் வழக்கம். வயிறு கனக்க வந்த பெண்குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாசலை எதுக்குய்யா வானத்தைப் பார்த்து வச்சிருக்கே? மழை பெய்தா என் முட்டை மிதக்குமே!"

"மைனா அண்ணன் வகுத்த விதி" என்று முனகியது ஆண்குருவி.

பக்கத்துக் கிளையில் மைனா நெஞ்சை நிமிர்த்தியது. "நூறு பொந்து ஆராய்ந்து சொன்னேனம்மா. வெளிச்சத்துக்கு மேல்வாசல்தான்."

"பொந்துக்கு மேலே மரம் இருக்கு, அண்ணே. தொங்குற கூடு எத்தனை பார்த்தீங்க?"

"கண்டதையும் பார்த்துக்கொண்டிருந்தால் விதியை எப்போது வகுப்பது? பிடிக்கலைன்னா வேற கூடு தேடிக்கோ!"

"தேட மாட்டேன். இதையேதான் திருத்தணும். கொஞ்ச நேரம் என் முட்டையா உள்ளே உட்காருங்க. அப்புறமும் இதே விதியைச் சொல்லுங்க, கேட்கிறேன்."

மைனா சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பெண்குருவி கிணற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்து, நேராக அந்த வாசலுக்கு மேலே வந்து நின்று, சிறகிரண்டையும் படபடவென்று உதறியது.