அரை லிட்டர் சர்பத்து

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கருத்தக்கண்ணன் எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்த்தான். கூட்ட எச்சில் இல்லை. தண்ணீர்க் குடத்துக்கும் அவனுக்கும் நடுவில் அன்னக்கொடி உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு மடக்குத் தண்ணி தாடி."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. காலையில் ஒரு டம்ளர் ஆச்சு, மத்தியானம் மாத்திரைக்கு அரை டம்ளர் ஆச்சு, இனி பொழுது சாய்ந்துதான் என்றாள். கட்டின புருசனுக்குத் தண்ணீர் தராத பொம்பளையும் உண்டா என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

கருத்தக்கண்ணன் இருபது வருசம் அரிசிக் கடைகளில் மூட்டை தூக்கியவன். முதுகு வலிக்கு மருந்துக் கடையில் தினம் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுப் போட்டே ரெண்டு கிட்னியும் போய்விட்டன. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். மூத்திரம் பிரியாத உடம்பு, குடித்தது அத்தனையும் உள்ளேயே தங்கும், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரே நம்பிக்கை தம்பி ஜெயபாண்டி. அவன் பழங்காநத்தத்தில் வைத்திருக்கும் பைக் மெக்கானிக் கடை அண்ணன் மூட்டை சுமந்த காசில் வந்தது. சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில், எங்க அண்ணனுக்கு என் கிட்னியில ஒண்ணு என்று எழுந்து நின்று சொன்னவனும் அவன்தான். டெஸ்ட் எல்லாம் பொருந்தியது. உடம்பில் நீர் கோக்காமல் எடை ஒரு மாசம் நிலையாக நின்றால் ஆபரேசனுக்குத் தேதி தருகிறேன் என்றார் டாக்டர்.

எடைதான் நிற்கவில்லை. தேதி இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது.

அன்னக்கொடி ரேசன் கடைக்குக் கிளம்பியதும் ஜெயபாண்டி வந்தான். மூன்று மாசமாகத் தினமும் அப்படித்தான், அவள் இல்லாத நேரம் பார்த்து வருவான். சட்டைக்குள்ளிருந்து அரை லிட்டர் பாட்டிலை எடுத்தான். நன்னாரி சர்பத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து ஐஸ் போட்டது.

"மதினி அளக்குறது தண்ணிய. இது சர்பத்துண்ணே, அந்தக் கணக்குல வராது. சும்மா குடி."

கருத்தக்கண்ணனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மோர் என்றால் மோர், சர்பத்து என்றால் சர்பத்து. தண்ணீர் என்பது குடத்தில் இருப்பது. கண்ணை மூடிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். நெஞ்சு குளிர்ந்தது. பெற்றவள் இருந்திருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்கமாட்டாள் என்று நினைத்தான்.

போன தடவை தேதி தள்ளிப்போன அன்றைக்கும் தம்பிதான் கூட இருந்தான். அதற்கு முந்திய வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவன், அன்றைக்கு அண்ணன் வீட்டில் உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு தின்றான். அண்ணன் மனசு விட்டுவிடக்கூடாது என்று தெம்பாகக் காட்டிக்கொள்கிறான், பாவம் என்று கருத்தக்கண்ணன் எண்ணிக்கொண்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது போன டயாலிசிஸுக்குப் பிறகு நாலு கிலோ ஏறியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. டாக்டர் சீட்டைத் தள்ளி வைத்தார். மூன்றாவது தடவை இது, இனி ஆறு மாசம் கழித்துப் பேசலாம், அதுவரை இருதயம் தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு அன்னக்கொடி பக்கம் திரும்பி, நீங்கள்தான் இரக்கப்பட்டு ஊற்றிக் கொடுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

"கெஞ்சக் கெஞ்ச இல்லன்னு சொன்னவ சார் நானு" என்றாள் அவள். இத்தனை நாள் அழாதவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் கருத்தக்கண்ணன் சர்பத்து விசயத்தை உடைத்தான். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சர்பத்து, மோர், டீ, ரசம், ஐஸ்கட்டி என்று தொண்டையில் வழுக்கி இறங்குகிற அத்தனையும் தண்ணீர்தான் ஐயா, சாயமும் சீனியும் சேர்த்தால் அது தண்ணீர் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டார்.

வெளியே வராந்தாவில் ஜெயபாண்டி நின்றுகொண்டிருந்தான். அன்னக்கொடி அவன் சட்டையைப் பிடிக்கப் போனாள். கருத்தக்கண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே குறுக்கே வந்தான்.

"அவன ஏன் வையிற? அண்ணன் நாவறண்டு கெடக்கானேன்னு குடுத்துட்டான். இம்புட்டு வெவரம் அவனுக்கு எங்க தெரியும்?"

"சத்தியமாத் தெரியாது மதினி" என்றான் ஜெயபாண்டி.

ஊசித் தட்டோடு அந்தப் பக்கம் போன நர்ஸ் ஆன்மேரி நின்றாள். அவளுக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

"என்னண்ணே, தெரியாதுங்கிறீங்க? டெஸ்டுக்கு வந்த அன்னிக்கு நீங்கதான எங்கிட்ட கேட்டீங்க, சர்பத்து குடுத்தாலும் எடை ஏறுமா, ஏறுனா ஆபரேசன் தள்ளிப்போகுமான்னு?"

ஜெயபாண்டியின் கை தானாகப் போய் விலாவுக்குக் கீழே பொத்திக்கொண்டது. கருத்தக்கண்ணன் அந்தக் கையைப் பார்த்தான்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுருப்பேன்டா. இப்ப விடமாட்டேன். நாலு பேரு முன்னால நீ எனக்குத் தாரேன்னது ஒரு கிட்னி, அது இன்னும் பாக்கி நிக்குது."