வேலியில் விட்ட வழி

"நட்ட கன்னைப் புடுங்கிப் போடற புருஷன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான், மாலக்கி!"

உனாவின் கையில் வெள்ளைமுள் வேலிக்கன்று ஒன்று வேரோடு தொங்கியது. நேற்று மாலை அவள் நட்டது. இன்று காலை புல்லில் கிடந்தது.

மாலக்கி டீக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது அவங்க போற வழி. அடைக்கக் கூடாது."

"எவங்க?"

"தெரிஞ்சுகிட்டே கேக்கற. பேரைச் சொல்லலாமா?"

சொல்லக் கூடாதுதான். அயர்லாந்தின் அந்த மேற்குக் கோடியில் அவர்களை 'நல்ல ஜனம்' என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத மாய மனிதர்கள். அவர்கள் பாதையை மறித்தால் வீட்டுக்கு ஆகாது. அதை நம்பாமல் கேலி பேசுகிறவர்கள்கூட எதற்கும் ஓரடி தள்ளித்தான் நடப்பார்கள்.

உனா தள்ளி நடக்கிற ரகம் இல்லை.

மூன்று குளிர்காலத்துக்கு முன் இருவருமாகத் தோட்டத்து வேலிக்கு இருநூறு கன்று நட்டார்கள். நட்ட கையோடு மாலக்கி எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினான். உனா அழுதேவிட்டாள். "வெட்டினாத்தான் அடியிலேருந்து அடர்த்தியா வரும்" என்றான். வந்தது. இப்போது குருவிகூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. மலை ஆடுகளுக்கு அதுவே ராஜபாட்டை.

"ஈஸ்டருக்குப் பையன் வர்றான். ஒரு முட்டைக்கோஸ் மிச்சம் இருக்கா பாரு! ஒரு கேட்டாவது போடேன்."

"இரும்பு அவங்களுக்கு ஆகாது."

"மரத்துல போடு!"

"வா, ஒண்ணு காட்டறேன்."

தோட்டம் முழுக்க வெண்பனி பூத்திருந்தது. வேலி இடைவெளியில் தொடங்கி, புல்லை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பச்சைத் தடம் தேவாலயச் சந்துப் பக்கம் போயிருந்தது. யாரோ கனவில் நடந்து போனது போல இருந்தது.

மாலக்கி அதையே பார்த்து நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நரி நடந்திருக்கும்" என்றாள் உனா. "கேட்டுக்கோ. மார்ச் முடியப் போகுது. இலை விட்டுட்டா அப்புறம் மண்ணில்லாத வேர்க்கன்னு பிடிக்காது. நாளைக்குக் காலைல நடப்போறேன். மறுபடி புடுங்கினே, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டில்லை என்று அவள் குரலே சொன்னது. மாலக்கி அக்கம்பக்கம் பார்த்தான்.

"சத்தம் போடாதே. எல்லாம் டிம்ப்னாவுக்காகத்தான்."

"அடுத்த வீட்டு டிம்ப்னாவா?"

"முழங்கால் போயிடுச்சு அவங்களுக்கு. காலைப் பூசைக்கு ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போனா முக்கா மைல். தனியா வாழற ரோஷக்காரி. போன வருஷம் நான் குடுத்த விறகைக்கூடத் திருப்பி நம்ம வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க. 'எங்க தோட்டத்து வழியாப் போங்க'ன்னா போவாங்களா? கேட் போட்டாலும் அடுத்தவன் கேட்டைத் தொட மாட்டாங்க. அதான், இது நல்ல ஜனத்தோட வழின்னு ஊர் முழுக்கச் சொல்லி வெச்சேன். அந்த ஜனத்தோட வழின்னா டிம்ப்னா யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாமே."

"எங்கிட்டகூட ஏன் சொல்லல?"

"உன் வாயில எது நின்னிருக்கு?"

மூன்று வருஷமாக அவனை முட்டாள் என்று திட்டியதெல்லாம் உனாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கையிலிருந்த கன்றை ஈரச் சாக்கில் சுற்றி மற்றக் கன்றுகளோடு வைத்தாள்.

மறுநாள் விடிகாலை. மாலக்கி கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தான். உனா கன்றுக் கட்டோடும் மண்வெட்டியோடும் தோட்டத்துக்கு வந்தாள். மூடுபனியில் வேலி எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை.

இடைவெளியில் வெள்ளையாக ஓர் உருவம் அசைந்தது.

உனா நம்பாதவள்தான். ஆனாலும் மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

உருவம் கிட்டே வந்தது. வெள்ளைச் சால்வை போர்த்திய டிம்ப்னா. காலைத் தேய்த்துத் தேய்த்து, புல்லை மிதித்து மிதித்து நடந்து வந்தாள். பாவம், என்ன வலியோ என்று உனாவுக்கு மனசு இளகிப்போனது.

டிம்ப்னா கன்றுகளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"அடிப் பொண்ணே! வழியை அடைக்கப் போறியா?"

"இல்ல டிம்ப்னா. முட்டைக்கோஸ் பாத்தியைச் சுத்தி நடப்போறேன். இது நம்ம யாரோட வழியும் இல்லையே, அடைக்கறதுக்கு."

டிம்ப்னா பெருமூச்சு விட்டாள். பிறகு கொட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வயிறு குளிர்ந்துச்சு. நீ என்னை இங்க பாத்ததை மட்டும் மாலக்கிகிட்டச் சொல்லிடாதே."

"ஏன்?"

"என் தங்கச்சி மகன் தினமும் வாசல்ல காரோட நிக்கறான், பூசைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு. இந்த முழங்காலை வெச்சுகிட்டு இந்த ஈரத்துல நடக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

உனா விழித்தாள்.

"அப்புறம் ஏன் நடக்கறீங்க?"

"உன் புருஷன் அந்த நல்ல ஜனத்தை அப்படி நம்பறானே! கறந்துட்டு வந்து இந்தத் தடத்தைப் பாத்ததும் அவன் முகம் மலர்றதை என் ஜன்னல்லேருந்து தினமும் பாக்கறேன்... ஒரு நாள் தடம் இல்லேன்னா அந்தப் பிள்ளை மனசு உடைஞ்சுடாதா?"